வியர்க்காமல் ஒரு மணி நேரம்

போன தீபாவளிக்குத் திருச்சிக்குப் போயிருந்தேன். காலை ஆறரைக்கு மொட்டை மாடியில் நின்று, தாய்ச்சி என்ற சீனர்களின் மெதுவான அசைவுப் பயிற்சியைச் செய்துகொண்டிருந்தபோது அண்ணன் காபி டம்ளரோடு மேலே வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, கையைக் காத்துல ஆட்டுறதெல்லாம் ஒரு எக்சர்சைஸா? ஒரு பொட்டு வேர்வை வரலையே." அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். தினமும் அண்ணா விளையாட்டரங்கத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வேகமாக நடப்பவர் அவர். அம்மாவை மாரடைப்புக்குப் பறிகொடுத்த குடும்பத்தில் தங்கைக்கு அந்தக் கதி வந்துவிடக் கூடாதே என்ற பயம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. நான் சிரித்து மழுப்பிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். சிங்கப்பூர் திரும்பி இத்தனை மாதம் ஆகியும் அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அவர் சொன்னதில் பாதி சரி. தவறான மீதிப் பாதியை விளக்க அன்றைக்கு எனக்கு வார்த்தை வரவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அம்மா 1999-இல், ஐம்பத்தேழு வயதில் போனார். மன்னார்குடி வீட்டில் அப்போது என் தங்கை மட்டும்தான் கூட இருந்தாள். இரண்டு நாளாக அம்மாவுக்கு முதுகின் மேல்பக்கம் வலி, தாடையில் ஒரு கடுப்பு, மாடிப்படி ஏறினால் சொல்ல முடியாத அசதி. தாடை வலியைப் பல்வலி என்றும் முதுகு வலியை வாயுப் பிடிப்பு என்றும் நினைத்தார்கள். சுக்குக் கஷாயம் குடித்தார், தைலம் தேய்த்துக்கொண்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்தான் மாரடைப்பு என்று எல்லாரும் நம்பியிருந்த காலம். பெண்களுக்கு அது இப்படிச் சுற்றி வளைத்தும் வரும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் விடிகாலையில் உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்ததாம். அந்த வியர்வையைத் துடைத்துவிட்டதைத் தங்கை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி இங்கே வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

என் நாற்பத்தொன்பதாவது வயதில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பிரஷர் 146/92 என்று காட்டியது. கெட்ட கொலஸ்ட்ரால் கூடுதல், சர்க்கரை எல்லைக்கோட்டில். சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடம் இதயத் தமனி நோய் அதிகம் என்பது இங்குள்ள மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது. அதோடு அம்மாவின் கதையையும் சேர்த்துப் பார்த்த டாக்டர் பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று என்று இரண்டு மாத்திரை எழுதினார். வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி நடக்கவோ ஓடவோ வேண்டும் என்றார். சரி என்றேன். அந்த வாரமே சமூக மன்ற உடற்பயிற்சிக்கூடத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன்.

பயந்த உடம்பு

டிரெட்மில்லில் ஏறிய ஆறாவது நிமிடம். எதிரே இருந்த திரையில் இதயத்துடிப்பு 128, 131, 134 என்று ஏறிக்கொண்டே போனது. துடிப்பு காதுக்குள் கேட்டது. கழுத்தில் வியர்வை வழிந்தது. வியர்வை என்றதும் எனக்கு அம்மா ஞாபகம்தான். சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டு இறங்கி, தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி போனேன், மறுபடி அதேதான். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை.

டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன். மருத்துவமனைக்கு அனுப்பி டிரெட்மில் சோதனை, எக்கோ, இருபத்துநாலு மணி நேரம் உடம்பில் ஒட்டிவைக்கும் ஹோல்டர் எல்லாம் எடுத்தார்கள். இதயத்துக்கு ரத்த ஓட்டம் குறைவதாகத் தெரியவில்லை. அவ்வப்போது ஒரு கூடுதல் துடிப்பு வருகிறது, அது பலருக்கும் வருவதுதான், உங்கள் விஷயத்தில் ஆபத்தில்லை என்றார்கள். அந்த ரிப்போர்ட்டை நான் வரிவரியாகப் படித்தேன். என் மூளைதான் அதைப் படித்தது, உடம்பு படிக்கவில்லை. பேருந்தைப் பிடிக்க நாலு எட்டு வேகமாக வைத்தாலும் நெஞ்சில் ஒரு தடுமாற்றம் வரும். உடனே நின்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பேன். லிஃப்ட் வரத் தாமதமானால் காத்திருப்பேனே தவிரப் படியேற மாட்டேன். இதயத்துக்கு நல்லது செய்யவேண்டிய நான், அதற்குப் பயந்து எதையுமே செய்யாமல் ஒன்றரை வருடத்தைக் கழித்தேன். இது சோம்பேறித்தனம் இல்லை. பரம்பரையில் இதயநோய் உள்ள பலரும், ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்த பலரும் இந்தப் பயத்தோடுதான் இருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். "தினமும் நடங்க" என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் பயம் கண்ணில் படுவதே இல்லை. அண்ணனுக்கும் படவில்லை.

பெலான்-பெலான்

எங்கள் அடுக்குமாடி புளோக் சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் வாரத்துக்கு ஐந்து நாள், காலை ஆறே முக்காலுக்கு இருபது பேர்போல் தாய்ச்சி செய்வார்கள். பல வருடமாக வேலைக்குப் போகும் வழியில் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் நின்றதில்லை. எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டிதான் லிஃப்டில் என் கையைப் பிடித்து, "கம் லா, நோ மணி" என்றார். அவருக்கு எழுபத்தொரு வயது. இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தவர் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

சொல்லிக்கொடுக்கும் பெரியவர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் அதிகம் வராது. சீனர்களிடம் "மான் மான்" என்பார், என்னிடம் திரும்பி "பெலான்-பெலான்" என்பார். இரண்டுக்கும் மெதுவாக என்றுதான் பொருள், முன்னது சீனம், பின்னது மலாய். அந்தத் தலைமுறைச் சீனர்கள் பலருக்கு இந்தியர்களோடு பேசும் மொழி இன்னமும் சந்தை மலாய்தான். முதல் மாதம் முழுக்க என்னிடம் அவர் பேசியதே அந்த ஒரு சொல்தான். நான் ஒரு அசைவைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று நினைக்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வந்து, உள்ளங்கையைத் தரையைப் பார்த்து அமுக்குவதுபோல் காட்டி, பெலான்-பெலான். இன்னும் எவ்வளவு மெதுவாகப் போவது என்று முதலில் எரிச்சல்கூட வந்தது. நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் வேகமாக முடித்துப் பழகிய கை இது.

நாங்கள் செய்வது இருபத்துநாலு அசைவுகள் கொண்ட சுருக்க வடிவம். தாய்ச்சியின் வேர் ஹெனான் மாநிலத்தின் சென் குடும்ப ஊரில், பதினேழாம் நூற்றாண்டில் இருக்கிறது. அது சண்டைக்கலையாகப் பிறந்தது. பழைய வடிவங்கள் நீளமானவை, கற்றுத் தேற வருடக்கணக்கில் ஆகும். 1956-இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் சாதாரண மக்கள் கற்கும்படி அதை இருபத்துநாலாகச் சுருக்கியது. ஒருமுறை செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம் ஆகும், நாங்கள் மூன்று முறை செய்வோம். பெயர்களைக் கேட்டாலே எனக்கு ஆசையாக இருக்கும்: காட்டுக்குதிரையின் பிடரியை வகிர்தல், வெண்கொக்கு சிறகு விரித்தல், குருவியின் வாலைப் பற்றுதல், மேகமாய்க் கைகள். ஆண்ட்டி எனக்கு ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்ல, நான் வீட்டுக்கு வந்து தமிழில் எழுதிவைத்துக்கொண்டேன்.

வெறுமே கையை ஆட்டுவது என்று அண்ணன் நினைத்தாரே, அவரை இரண்டு நிமிடம் எங்களோடு நிற்கவைக்க ஆசை. முழங்கால் முழு நேரமும் லேசாக மடிந்தே இருக்கும். உடம்பின் முழுப் பாரமும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குக் குடத்திலிருந்து குடத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் மாறவேண்டும், சிந்தக் கூடாது. முதல் வாரம் எனக்குத் தொடை இரண்டும் நடுங்கின. கழிப்பறையில் உட்கார்ந்து எழவே கஷ்டப்பட்டேன். ஆனால் இதயம் ஓடவில்லை. தொடை உழைத்தது, நெஞ்சு அமைதியாக இருந்தது. இவை இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், வெளியே விடும்போது சற்று நிதானமாகவும் துடிக்கும். இது எல்லாருக்கும் உள்ளதுதான், வேகஸ் என்ற நரம்பின் வேலை. மூச்சை நீட்டி விட்டபடி ஒரு மணி நேரம் அசைந்தால் அந்த நிதானத்துக்கு நிறைய இடம் கிடைக்கிறது.

நம்ம யோகா இல்லையா?

இதைக் கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. நம்மிடம் இல்லாததா, சீனாக்காரர்களிடம் போய்க் கற்பானேன் என்பார்கள். யோகாவும் போனேன், ஆறு மாதம். தரையில் உட்கார்ந்து எழ என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பிரஷர் கட்டுக்குள் வராதவர்கள் தலைகீழ் ஆசனங்களையும் மூச்சை அடக்கி நிறுத்தும் கும்பகத்தையும் தவிர்ப்பது நல்லது, ஆனால் கூட்டமான வகுப்பில் யாருக்கு என்ன நோய் என்று பார்த்துச் சொல்லிக்கொடுக்க ஒரே ஆசிரியரால் முடியவில்லை. அது யோகாவின் குறை இல்லை. பார்த்துச் சொல்லித்தர ஆள் இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

இந்தியாவிலேயே இதைப் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். 24 மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்து பிழைத்த 3,959 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை ஆலோசனையோடு பன்னிரண்டு வாரத்தில் பதிமூன்று யோகா வகுப்புகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். முடிவு 2020-இல் வந்தது. மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், மரணம் போன்றவை யோகா செய்தவர்களிடம் நிச்சயமாகக் குறைந்தன என்று சொல்ல முடியவில்லை. 6.7 விழுக்காட்டுக்கு எதிரே 7.4 விழுக்காடு, இவ்வளவு சின்ன வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். ஆனால் யோகா செய்தவர்கள் தங்கள் உடல்நிலை நன்றாக இருப்பதாக உணர்ந்தார்கள். நோய்க்கு முன்பு செய்துவந்த வேலைகளுக்கு அதிகமாகத் திரும்பினார்கள். இந்த இரண்டாவது முடிவைப் பலரும் ஆறுதல் பரிசுபோலப் பேசிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயந்துபோய் மூலையில் உட்கார்ந்தவர் மறுபடி மார்க்கெட்டுக்குப் போகிறார், பேரனைத் தூக்குகிறார் என்றால் அது சின்ன விஷயமா?

தாய்ச்சியிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் இதயநோய்க்குப் பிறகான மறுவாழ்வுப் பயிற்சிக்கு வர மறுத்தவர்களை மட்டும் தேடிப் பிடித்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2017-இல் வெளிவந்தது. மொத்தம் 29 பேர்தான். கடினமான பயிற்சி தங்களுக்கு ஆபத்து என்று பயந்தவர்கள் அதில் இருந்தார்கள். ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு வாரம் தாய்ச்சி, இன்னொன்றுக்கு இருபத்துநாலு வாரம். பாதகம் எதுவும் வரவில்லை, பெரும்பாலோர் ஆய்வை விட்டு விலகவில்லை. அவர்களுடைய இதய-நுரையீரல் திறன் கூடவில்லை என்பதையும் சொல்லவேண்டும், அண்ணன் பக்கம் நியாயம் இருக்கும் இடம் அதுதான். ஆனால் நீண்ட நாள் செய்த குழுவினர் வகுப்புக்கு வெளியேயும் முன்பைவிட அதிகமாக நடமாடத் தொடங்கினார்கள். இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் எனக்கு நடந்தது அச்சு அசலாக அதுதான்.

ஒற்றைக் காலில் நின்ற காலை

வகுப்பில் சேர்ந்து எட்டாவது மாதம். முந்தின இரவு நல்ல மழை, கீழ்த்தளச் சிமெண்டுத் தரை ஓரங்களில் ஈரமாக இருந்தது. இரண்டாவது சுற்றின் நடுவில் பொற்சேவல் ஒற்றைக் காலில் நிற்கும் அசைவு வரும். கீழே தாழ்ந்து, மெல்ல எழுந்து, ஒரு முழங்காலைத் தூக்கி, அதே பக்கத்துக் கையையும் உயர்த்தி நிற்கவேண்டும். வயதானவர்கள் அதிகம் தாழாமல் அரைகுறையாகச் செய்வார்கள், பெரியவர் எதுவும் சொல்ல மாட்டார். நான் எழுந்து வலது முழங்காலைத் தூக்கிய அந்த நொடியில் நெஞ்சுக்குள் தடக்கென்று ஒரு தட்டு. அப்புறம் ஒரு வெற்றிடம், கிணற்றில் கல் விழுந்து சத்தம் வருவதற்கு முன்னால் இருக்குமே, அதுபோல. பழக்கப்பட்ட அதே தடுமாற்றம்தான்.

வேறு எங்கே இருந்திருந்தாலும் நின்றிருப்பேன். மணிக்கட்டைப் பிடித்திருப்பேன், உட்கார இடம் தேடியிருப்பேன், அன்றைக்கு முழுக்க வேலை ஓடியிருக்காது. ஆனால் நான் வரிசையின் நடுவில் ஒற்றைக் காலில் நிற்கிறேன். முன்னால் ஆண்ட்டியின் முதுகு, பக்கத்தில் இரண்டு பேர், எல்லாரும் ஒரே வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். கை இரண்டும் வேலையாக இருந்ததால் மணிக்கட்டைப் பிடிக்க வழியில்லை. விடவேண்டிய மூச்சு பாதியில் இருந்தது, அதை விட்டேன். கால் இறங்கியது. பாரம் மாறியது. இதயம் தன் பாட்டுக்கு அடுத்த துடிப்பை அடித்தது, அதற்கடுத்ததையும் அடித்தது. நான் தாழ்ந்தேன், மறுபக்கம் எழுந்தேன், இடது முழங்காலைத் தூக்கினேன். வலியில்லை, மயக்கமில்லை. ஒரு துடிப்பு இடறியது, பின்னால் வந்தவை அதைத் தாண்டிப் போய்விட்டன, அவ்வளவுதான்.

அசைவுகள் முடிந்து கைகளை இறக்கி நின்றபோது என் கண்ணில் தண்ணீர். பெரியவர் பார்த்துவிட்டு என்ன என்று புருவத்தை உயர்த்தினார். எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறியது. உடனே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்தார், ஆண்ட்டியைக் கூப்பிட்டு என்னைக் கேட்கச் சொன்னார்: வலி இருக்கிறதா, கைக்கு இறங்குகிறதா, தாடையில் ஏதாவது, மூச்சு முட்டுகிறதா. இல்லை இல்லை என்று தலையாட்டி, நடந்ததைச் சொன்னேன். அப்படி ஏதாவது இருந்திருந்தால் ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐக் கூப்பிட அவர் போனைக் கையில் எடுத்து வைத்திருந்தார். ஒரு கணம்கூட அவர் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மெதுவாகச் செய்வதால் அலட்சியமாகச் செய்யலாம் என்று பொருளில்லை என்பதை அவர் அன்றைக்குச் செய்துகாட்டினார். அடுத்த முறை டாக்டரிடமும் இதைச் சொன்னேன். பழைய ஹோல்டர் ரிப்போர்ட்டைத் திரும்பப் பார்த்து, ஈசிஜி ஒன்று எடுத்துவிட்டு, அதே கூடுதல் துடிப்புதான் என்றார்.

அதற்கு மூன்று வாரம் கழித்து, வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஏறாமல் பீஷான்-அங் மோ கியோ பூங்காவைப் பார்த்து நடந்தேன். முதலில் பத்து நிமிடம். நதி வளைந்து போகும் இடத்தில் திரும்பி வந்துவிடுவேன். பிறகு இருபது நிமிடம். இப்போது வாரத்தில் நாலு நாள் முப்பத்தைந்து நிமிடம் நடக்கிறேன், பேசினால் மூச்சு வாங்கும் வேகத்தில். அண்ணனுக்குச் சொல்கிறேன், இப்போது எனக்கும் வியர்க்கிறது. அந்த வியர்வை கழுத்தில் வழியும்போது அம்மா ஞாபகம் வருகிறது, ஆனால் கால் நிற்பதில்லை.

போன மாதம் மருந்தகத்தில் பிரஷர் 126/80. இதில் மாத்திரைக்கு எவ்வளவு, ஊறுகாயைக் குறைத்ததற்கு எவ்வளவு, நடைக்கு எவ்வளவு, தாய்ச்சிக்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டாம். சீனாவில் பிரஷர் எல்லைக்கோட்டில் இருந்த 342 பேரை ஒரு வருடம் கவனித்த ஆய்வு 2024-இல் வந்தது. வாரம் நாலு நாள், தினம் ஒரு மணி நேரம் தாய்ச்சி செய்தவர்களுக்கு மேல் பிரஷர் சராசரியாக 7 புள்ளி குறைந்தது. வேகநடை, மெதுவோட்டம், சைக்கிள், படியேற்றம் என்று செய்தவர்களுக்கு 4.6 குறைந்தது. அண்ணனுக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், ஜெயிக்க அல்ல. வேகநடையை நிறுத்திவிடாதீங்க, இதையும் ஒதுக்கிவிடாதீங்க என்று கீழே எழுதினேன். என் மாத்திரைகளை நான் ஒருநாளும் விட்டதில்லை. தாய்ச்சி கற்றுக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று எங்கள் வரிசையில் ஒருவர் பெருமையாகச் சொன்னபோது, ஆண்ட்டி தன் ஸ்டென்ட் கதையைச் சொல்லி அவரை அன்றைக்கே மருந்தகத்துக்குக் கூட்டிப்போனார். அந்த ஆண்ட்டியை எனக்கு மிகவும் பிடிக்கும்.

எனக்கு இப்போது கவலை தங்கையைப் பற்றித்தான். மன்னார்குடியிலேயே இருக்கிறாள், நாற்பத்தெட்டு வயது, போன வருடத்திலிருந்து பிரஷர் மாத்திரை. அம்மாவின் கடைசி இரவைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்தான், அதனால் பயமும் அவளுக்குத்தான் அதிகம். நடக்கச் சொன்னால் தெருநாய் என்பாள், வெயில் என்பாள். நான் அதற்குமேல் வற்புறுத்துவதில்லை, எனக்குத் தெரியும் அது நாயும் இல்லை, வெயிலும் இல்லை என்று. இரண்டு மாதமாக வாரம் மூன்று நாள், எனக்கு இரவு எட்டரை, அவளுக்கு மாலை ஆறு மணிக்கு வீடியோ காலில் வருகிறாள். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினோம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பாள். மேகமாய்க் கைகள் வரைக்கும் வந்துவிட்டோம். நேற்று நான் வேகமாகப் போய்விட்டேன் போலிருக்கிறது, போனுக்குள்ளிருந்து சத்தம் வந்தது: "அக்கா, இரு, இரு. இடது கைக்கு எப்ப மாத்தணும்? நான் இன்னும் மூச்சை விட்டு முடிக்கலை."